பெயர் ஒரு பக்கம், பாக்கி ஒரு பக்கமா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரிந்தவரின் டியூஷன் சென்டருக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கட்டணப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். மாணவர் பெயர்கள் ஓர் அர்ரேயில். கட்டண பாக்கி இன்னோர் அர்ரேயில். அர்ரே என்பது மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பட்டியல்.

பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தினேன். பெயர்கள் இடம் மாறின; தொகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. முழுக் கட்டணமும் செலுத்திய மாணவியின் பெயருக்கு நேரே 4,500 ரூபாய் பாக்கி! அவளுடைய அம்மா ரசீதுடன் வந்து நின்றபோதுதான் என் தவறு புரிந்தது.

இதற்கு வழி ஆப்ஜெக்ட். ஒரு மாணவரின் பெயர், வகுப்பு, பாக்கி மூன்றையும் ஒரே ஆப்ஜெக்டில் வையுங்கள். அந்த ஆப்ஜெக்ட்களை ஓர் அர்ரேயில் அடுக்குங்கள். பிறகு எப்படி வரிசை மாற்றினாலும் விவரங்கள் பிரியாது. பாக்கி உள்ளவர்களை மட்டும் எடுக்க 'ஃபில்டர்' போதும்; ஒரே வரி வேலை.

'சார்ட்' பயன்படுத்தும்போது கவனம் தேவை. எதை வைத்து ஒப்பிடுவது என்று நீங்கள் ஒரு ஃபங்ஷன் தர வேண்டும். தராவிட்டால் எண்களையும் எழுத்துகளாகவே ஒப்பிடும். 250-க்கு முன்னால் 1000 வந்து நிற்கும். மூலப் பட்டியலின் வரிசையும் மாறிவிடும்.

ஆப்ஜெக்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். அர்ரே படித்த அன்றே அதையும் படியுங்கள் என்பேன். தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸில் குரோம் பிரவுசரைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். கன்சோலில் இன்றே முயன்று பாருங்கள்.