துணிவும் துணையும்

சீமை சென்று கற்கும் மாணாக்கர்க்கு ஏடொன்றே போதும் என்பார் பலர். நாம் அவ்வாறு எண்ணோம். மலையும் ஆறும் கற்பிக்கும் பாடங்கள் வேறு. ஆயினும், அவற்றைத் துணையின்றிக் கற்கப் புகுதல் பேதைமையாம்.

1910ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் பட்டத் தேர்வு முடித்த ஜவகர்லால் நேரு நார்வே நாட்டு மலைகளில் நடந்து திரிந்தார். களைப்புத் தீரப் பனிமலை ஓடையொன்றில் நீராட இறங்கியவர்க்குக் கால் வழுக்கிற்று. குளிரால் உடல் மரத்தது. நீரோட்டம் அவரை ஈர்த்துச் சென்றது. உடன்வந்த ஆங்கில இளைஞர் கரையோரம் ஓடி, அவர் காலைப் பற்றிக் கரையேற்றினார். சற்றுத் தொலைவில் அவ்வோடை பெரும் பாறையினின்று வீழ்ந்துகொண்டிருந்தது!

சாத்தான்குளத்தாராகிய நமக்கு இப்பாடம் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர், படகிற் கயிறு பற்றி நின்றவனை நம்பியன்றோ மூச்சடக்கி மூழ்கினர்? 1961ஆம் ஆண்டோடு அத்தொழில் ஓய்ந்தது. அதன் நெறி ஓயவேண்டுவதில்லை.

ஆகவே, அயல்நாடு செல்லும் நம் இளைஞர் நீந்தக் கற்றுச் செல்க; அவ்விடத்து நீரின் இயல்பை அவ்வூராரிடம் கேட்டறிக; தனியே இறங்கற்க. பெற்றோரும் அச்சத்தால் பிள்ளைகளை வீட்டில் அடைத்தலை விடுத்து, மழையால் நிறையும் நம் ஊர்க் குளங்களில், மூத்தோர் காவலில், நீச்சல் கற்பிக்க முன்வருவாராக.