முன்பே சொன்னால் குற்றமா?

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில், நிகழ்ச்சி முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பையனுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக முன்பே டிக்கெட் எடுத்தாயிற்று. கம்பெனியில் சொல்லலாமா, கூடாதா?" சுற்றி நிற்கும் பெரியவர்களிடமிருந்து வரும் பதில் ஒன்றேதான். "சொல்லாதே. முதலில் சேர்ந்துவிடட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவன்தான். அதுவும் என் சொந்த மகளுக்கே சொன்னேன். அந்தப் பதில் தவறு என்று இன்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு விடுமுறைப் பயணம் என்பது சனிக்கிழமை நினைத்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் காரியம் அல்ல. முகூர்த்தம் ஆறு மாதம் முன்பே குறிக்கப்படுகிறது. மண்டபம் அதற்கும் முன்பே பிடிக்கப்படுகிறது. ரயில் முன்பதிவுக் காலம் 2015 ஏப்ரல் முதல் 120 நாளாக இருந்து, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் முன்பதிவு தொடங்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்தால்தான் மே மாதத்தில் ஊர் போய்ச் சேர முடியும் என்ற நிலை மாறவில்லை. வேலை மாறுகிறவர்களுக்கோ பழைய கம்பெனியில் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை நோட்டீஸ் காலம் இருக்கிறது. இந்த இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் அதிசயம். ஆகவே புது வேலையில் சேர்ந்த கையோடு லீவு கேட்க நேர்வது யாருடைய பொறுப்பின்மையும் அல்ல. முதலில் இந்தக் குற்ற உணர்ச்சியை நம் பிள்ளைகள் விட வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2019-ல் எனக்கு அறுபது நிறைந்தது. திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தி செய்வதென்று என் மனைவியும் மைத்துனர்களும் முடிவு செய்தார்கள். ஜன்ம நட்சத்திரத்தை ஒட்டிய நாள் என்பதால் தேதியை நகர்த்த வழியில்லை. பதினான்கு பேருக்கு ரயில் டிக்கெட். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் என்பதால் மூன்று டிக்கெட்டுகள். எல்லாம் தயாராக இருந்தபோது என் இளைய மகளுக்கு ஒரு நல்ல தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாள், விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்பு.

சம்பளம், பதவி எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த நிறுவனத்து எச்.ஆர். பெண்மணி போனில் கேட்டார்: "அடுத்த மூன்று மாதத்தில் ஏதாவது லீவு திட்டமிட்டிருக்கிறீர்களா?" என் மகள் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி, "சொல்லாதேம்மா, வேலை போய்விடும்" என்றேன். அவள் "இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

சேர்ந்து பத்து நாள் கழித்து ஐந்து நாள் லீவு கேட்டாள். அவளுடைய மேலாளர் கோபப்படவில்லை. "உங்களிடம் கேட்டோமே, இல்லை என்றீர்களே. அதை நம்பித்தான் மற்ற இருவருக்கு அந்த வாரம் லீவு கொடுத்திருக்கிறேன்" என்றாராம். கடைசியில் ஒரே ஒரு நாள் கிடைத்தது. வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து கார் பிடித்து, விடியற்காலையில் திருக்கடையூர் வந்து சேர்ந்தாள். ஹோமத்தின் புகையில் அவள் கண்கள் தூக்கத்தில் சொருகியதை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் குலதெய்வம் கோவிலுக்கு நாங்கள் போகும்போது அவள் எங்களோடு இல்லை. செலவு போகட்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு அவள் சொன்ன வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. "லீவு கொடுக்காதது எனக்கு வருத்தமில்லை அப்பா. 'கேட்டோமே' என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது."

பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவன் நான். அவளுடைய புது அலுவலகத்தில் அவள் சொன்ன முதல் பொய்யும் நான் சொல்லிக் கொடுத்ததாகிவிட்டது.

இத்தனைக்கும் 38 வருஷம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். முன்பே சொல்வதன் அருமை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்டவாளம் மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பாதையில் சில மணி நேரம் வண்டி ஓடக்கூடாது. அதற்குப் பெயர் 'பிளாக்'. ஒரு வாரம் முன்பே எழுதிக் கேட்டால் கன்ட்ரோல் ஆபீசில் முனகிக்கொண்டாவது நேரம் ஒதுக்குவார்கள். அன்று காலையில் போய் நின்றால் கிடைப்பது வசவுதான். அதுபோலவே பாதை பலவீனமாக உள்ள இடத்தைப் பற்றி டிரைவருக்கு முன்கூட்டியே 'காஷன் ஆர்டர்' என்று ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். இன்ன கிலோமீட்டரில் இன்ன வேகத்துக்கு மேல் போகாதே என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்த டிரைவர் யாரும் கோபித்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கிப் போனதில்லை. வேகத்தைக் குறைத்துக் கடந்து, பிறகு தன் வேகத்துக்கு வந்துவிடுவார். ஆனால் தாளும் கொடுக்காமல், எச்சரிக்கைப் பலகையும் நடாமல், திடீரென்று சிவப்புக் கொடியைக் காட்டினால் அவருக்கு வயிறு கலங்கும்.

மும்பைவாசிகளான நமக்கு இன்னும் எளிய உதாரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். அதைத் திட்டாதவர் நம்மில் யார்? ஆனாலும் முதல் நாளே பேப்பரில் பார்த்துவிட்டால் மாதுங்கா போவதை மாலைக்குத் தள்ளி வைக்கிறோம். அறிவிப்பே இல்லாமல் வண்டி நின்றால் வரும் ஆத்திரம் வேறு. இரண்டு நாளும் நிற்பது அதே வண்டிதான். முன்பே தெரிந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கு 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்திருக்கிறது. மகாராஷ்டிராவில் கடைகள், அலுவலகங்களுக்கான 2017-ஆம் வருஷத்துச் சட்டம் ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு தருகிறது. அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கில் வரவு வைக்கப்படும். மேலாளர் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பொருந்துவதும் இல்லை. அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் முடிந்த மாதம் ஒன்றுக்கு இரண்டரை நாள் என்றுதான் ஈட்டிய விடுப்பு சேரும். அங்கும் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றுதான் விதிப் புத்தகம் சொல்கிறது.

ஆகச் சேர்ந்த முதல் மாதத்தில் ஐந்து நாள் லீவு என்பது சட்டம் தரும் பாத்தியதை அல்ல. அது இருவருக்கும் இடையே ஏற்படும் ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் பேச வேண்டிய நேரம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்தான்.

எப்போது சொல்வது? முதல் இன்டர்வியூவில் நாற்காலியில் உட்கார்ந்ததுமே "எனக்கு மே மாதம் லீவு வேண்டும்" என்று தொடங்க வேண்டியதில்லை. உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகு, நீங்கள் சம்மதம் எழுதித் தருவதற்கு முன்பு, சில நாள் இடைவெளி இருக்கும். அதுதான் சரியான வேளை. நடுவில் அவர்களாகவே கேட்டால் அப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

எப்படிச் சொல்வது? சுருக்கமாக. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன காரணம், சம்பளம் பிடித்துக்கொள்ளச் சம்மதமா, இவ்வளவு போதும். "இல்லையென்றால் ஊரிலிருந்து வந்த பிறகு சேர்கிறேன், அதுவும் சரிதான்" என்று ஒரு மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னால் எதிராளிக்கு முடிவெடுப்பது எளிது. ஆனால் சேரும் நாளைத் தள்ளிப்போட்டால் நடுவில் சம்பளம் இல்லை. பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் அங்கே கடைசி நாளோடு முடிந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் அந்தக் காப்பீட்டை நம்பியிருந்தால் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

அவர்கள் ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈமெயிலில் இரண்டு வரி போதும். இது அவநம்பிக்கை அல்ல. இன்று தலையாட்டிய அதிகாரி நீங்கள் சேரும்போது வேறு பிரிவுக்கு மாறிப் போயிருக்கலாம். அடுத்து வந்தவருக்கு அந்த இரண்டு வரிதான் சாட்சி.

போன வருஷம் என் தங்கை மகன் புனேயில் வேலை மாறினான். அவன் அக்காள் கல்யாணம் குறுக்கே வந்தது. இந்த முறை நான் அனுபவப்பட்டவன் அல்லவா? "மாமா, சொல்லவா?" என்று கேட்டான். "இன்றைக்கே சொல்லுடா" என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சேரும் தேதியை எட்டு நாள் தள்ளி வைத்துவிட்டார்கள். எட்டு நாள் சம்பளம் போயிற்று, அவ்வளவுதான். கல்யாணத்தில் ஓடியாடி எல்லா வேலையும் செய்தான்.

"எல்லா இடத்திலும் இப்படி நடக்குமா? வேலையே போய்விட்டால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லூரி முடித்து நூறு பேரோடு ஒரே நாளில் பயிற்சியில் சேரும் பிள்ளைக்குத் தேதியைத் தள்ளி வைக்க மாட்டார்கள். அவசரமாக ஆள் தேவைப்படும் இடத்தில் முடியாது என்றும் சொல்லக்கூடும். அப்போது குடும்பமாக உட்கார்ந்து எடை போட வேண்டும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முதல் வருஷத் திதி போன்றவை நகராதவை. ஊட்டி, கொடைக்கானல் பயணம் நகரக்கூடியது. அதற்காக ஒரு நல்ல வேலையைப் பணயம் வைக்க வேண்டாம். ஒருவர் மட்டும் வர முடியாமல் போனால் டிக்கெட் முழுவதையும் ரத்து செய்யத் தேவையில்லை. அவர் பெயரை மட்டும் நீக்கலாம். அல்லது வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவர் பெயருக்கு மாற்றித் தருவார்கள்.

கையில் வேறு வருமானம் இல்லாதவன் "சரி, லீவு வேண்டாம்" என்று சேர்ந்துவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை. கேட்டுவிட்டு விட்டுக்கொடுப்பது வேறு, மறைத்துவிட்டு மாட்டிக்கொள்வது வேறு. உயிரோடு இருக்கும் பாட்டியை லீவுக்காகச் சாகடிப்பது எல்லாவற்றையும் விட மோசம். ஒரே பாட்டியை மூன்று முறை பறிகொடுத்தவர்களை என் சர்வீசில் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே துக்கம் வந்த நாளில் அவர்களை யாரும் நம்பவில்லை.

நம் சங்கத்தில் பலர் தொழில் நடத்துகிறார்கள், பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரிடம் நீங்களாகவே கேளுங்கள். உண்மையைச் சொன்னவனை அதற்காகவே கழித்துக்கட்டினால், அடுத்து வருகிறவன் உங்களிடம் பொய்தான் சொல்வான். ஒப்புக்கொண்ட லீவை வேலை அதிகம் என்று கடைசி நேரத்தில் பிடுங்காதீர்கள். கொடுத்த பிளாக்கை வேலைக்கு நடுவே ரத்து செய்தால், கழற்றிய தண்டவாளத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய முடியும்?

பெற்றோர்களுக்குச் சொல்ல எனக்கு அருகதை குறைவு. இருந்தாலும் சொல்கிறேன். விசேஷத்துக்கு நாள் குறிக்கும் முன் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியும் தேதி மோதினால், "சொல்லாதே" என்று தலையை ஆட்டாதீர்கள். அந்தப் போனின் மறுமுனையில் இருப்பவரும் ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் ஒரு மனிதர்தான்.