ஏடு கிடைத்தால் மட்டும் போதுமா?

பிசிஏ இரண்டாம் வருடத்தில் எக்ஸ்எம்எல் படித்தேன். படித்தேன் என்றால், மனப்பாடம் செய்தேன். ‘எக்ஸ்எம்எல்லுக்கும் ஹெச்டிஎம்எல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக, பத்து மதிப்பெண்.’ கடலூரில் நான் படித்த கல்லூரியின் லேபில் கொடுத்த ஒரே உதாரணம், ஒரு கம்பெனியின் ஊழியர் பட்டியல். பெயர், எண், சம்பளம். பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோச்சு.

அதே ஊரில்தான் திருப்பாதிரிப்புலியூர் கோயில் இருக்கிறது. அப்பர் அங்கே பாடிய பதிகத்தை உதாரணமாகத் தந்திருந்தால் இப்படி ஆரம்பித்திருக்கலாம்:

<பதிகம் ஆசிரியர்="திருநாவுக்கரசர்" தலம்="திருப்பாதிரிப்புலியூர்" திருமுறை="4" யாப்பு="திருவிருத்தம்">

இது விளையாட்டு இல்லை. எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ஹெச்டிஎம்எல் ஒரு வரி திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் குறியாக இருக்கும். எக்ஸ்எம்எல்லிடம் அந்த வரி என்ன என்பதையே சொல்லிவைக்கலாம்: இது பாடல், இது உரை, இது பாடபேதம். எது என்ன என்று சொல்ல யாருக்குத் தெரியும்? இலக்கியம் படிக்கிற நமக்குத்தான். நாமோ ‘அதெல்லாம் ஐடிகாரங்க வேலைப்பா’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அது அடக்கம் இல்லை, சோம்பல்.

சிதம்பரம் கதை எல்லோருக்கும் தெரியும். பூட்டிய அறை, மூவர் வந்தால்தான் திறப்போம் என்ற தில்லைவாழ் அந்தணர், மூவரின் திருவுருவங்களையே கொண்டுவந்து நிறுத்திய சோழன், உள்ளே கரையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகள். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்வது இது. வரலாறா புராணமா என்ற சண்டை இருக்கட்டும். கதை அறை திறந்ததோடு முடிவதில்லை. நம்பியாண்டார் நம்பி அவற்றைத் திருமுறைகளாக வகுக்கிறார். பிறகு திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைக்கிறார்கள். அந்த யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூர், இன்றைய ராஜேந்திரப்பட்டினம், நம் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஏடு கிடைத்தது பாதி வேலை, வகுத்ததுதான் மீதி என்று அந்தக் கதைக்கே தெரிந்திருக்கிறது.

நாம் முதல் பாதியோடு நின்றுவிட்டோம். பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் போடுகிறோம். கவிதையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆசிரியர் பெயரை வெட்டிவிட்டு, ஸ்டேட்டஸ் வைக்கிறோம். கேட்டால் தமிழை வளர்க்கிறோமாம். சம்பந்தர் கொல்லிப் பண்ணில் பாடிய தலங்கள் எவை என்று அந்த ஸ்கேன் படத்தைக் கேட்டுப் பாருங்கள். அது பூட்டிய அறைதான், கதவு மட்டும் கண்ணாடி.

தேவாரத்தை அச்சில் பண்முறை, தலமுறை என்று இரு வரிசையில் போடுவார்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு புத்தகம். ஒவ்வொரு பதிகத்துக்கும் பண்ணையும் தலத்தையும் குறித்துவைத்த ஒரே கோப்பிலிருந்து இரண்டு வரிசையும் எடுக்கலாம், நாளைக்கு மூன்றாவதும் எடுக்கலாம். 2007-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் வெளியிட்ட ‘டிஜிட்டல் தேவாரம்’ பாடலையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தல வரைபடங்களையும் ஒருசேரத் தந்தது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் அடுத்த ஊர். ‘இதெல்லாம் நடக்காது’ என்று சொல்ல நமக்கு வாயில்லை.

மதுரைத் திட்டத்தைக் குறைசொல்ல மாட்டேன். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டெழுதிய நூல்களால் வளர்ந்தது அது. நம்மில் பலர் சங்கப் பாடலை முதலில் பார்த்ததே அங்கேதான். அதே ஆண்டு பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் முதல் பதிப்பும் வெளியானது. கிட்டத்தட்ட ஒரே வயசு. அவர்கள் எழுத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வகுக்க வேண்டிய தலைமுறை நாம்.

‘இப்போ ஏஐ இருக்கே, அதுவே புரிஞ்சுக்குமே?’ அது ஊகிக்கும். பாட்டை வேறொருவர் பெயரில் போட்டால், எதை வைத்துத் திருத்துவீர்கள்? யாரோ ஒருவர் மூலத்தைப் பார்த்து, பொறுப்போடு குறித்துவைத்திருந்தால்தான் உண்டு.

எக்ஸ்எம்எல் சுலபம் என்றும் சொல்லவில்லை. ஒரு டேக் இன்னொன்றுக்குள் முழுசாக அடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். நம் செய்யுளில் சீர் முடிகிற இடத்தில் சொல் முடியாமல் போகும், வகையுளி வரும். சீர் பிரியும் இடத்தில் ஒரு வெற்று டேக் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அந்த இடம் எது என்று சொல்ல யாப்பு தெரிந்த ஆள் வேண்டும், புரோகிராமர் போதாது.

இது நமக்குப் புதுசும் இல்லை. ஒரு நூலின் பாயிரத்தில் ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் என எட்டும் சொல்ல வேண்டும் என்று பவணந்தி நன்னூலில் விதித்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று மெட்டாடேட்டா என்கிறார்களே, அதுதான்.

நோட்பேட் போதும். பிடித்த ஒரே ஒரு பதிகத்தை எடுத்து, பாடல் பாடலாக, அடி அடியாகக் குறித்துப் பாருங்கள். எங்கே டேக் வைப்பது என்று தெரியாமல் முழிக்கும்போதுதான் அந்தப் பாட்டை இதுவரை எவ்வளவு மேலோட்டமாகப் படித்திருக்கிறோம் என்று தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.