சின்னக் கடை சின்னதாகவே இருக்கட்டும்

ஹாரி பாட்டர் கதைகளில் வரும் ஹாக்ஸ்மீட் கிராமத்தை அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரிலுள்ள யுனிவர்சல் தீம் பார்க் கட்டி 2010 ஜூன் 18 அன்று திறந்தபோது, அங்கிருந்த மிட்டாய்க் கடைக்குள் நுழையவே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ராட்டினத்துக்கு வரிசை என்றால் யாரும் வியக்கமாட்டார்கள். காசோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் கடையை வியாபாரம் தெரிந்தவர்கள் கட்டுவார்களா? தெரிந்தேதான் கட்டினார்கள். ஹாரி பாட்டர் படங்கள் எட்டுக்கும் தயாரிப்பு வடிவமைப்பாளராக இருந்த ஸ்டூவர்ட் கிரெய்க் இந்தக் கிராமத்தின் வடிவமைப்பிலும் முன்னின்றார். எழுத்தாளர் ஜே. கே. ரோலிங்குக்குப் பிடிக்காத எதுவும் உள்ளே வர முடியாது. புளோரிடா வெயிலில் கூரை மேல் உறைபனி, கோணலான புகைபோக்கிகள், குறுகிய வாசல்கள், ஒருவர் நின்றால் மற்றவர் ஒதுங்கிப் போக வேண்டிய அறைகள் என்று திரையில் பார்த்த கிராமம் அதே அளவில் எழுந்தது. ஹாக்ஸ்மீடுக்குள் கோகோ கோலா கூடக் கிடையாது. அதற்குப் பதில் கதையில் வரும் பட்டர்பீரும் பூசணிச் சாறும். இவ்வளவு பிடிவாதமாக உண்மைத்தன்மையைக் காப்பாற்றியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்த கூட்டம்தான் அந்த அறைகளுக்குள் அடங்கவில்லை.

தீம் பார்க் துறையின் ஆண்டு மதிப்பீடுகளின்படி, ஹாக்ஸ்மீட் அமைந்திருக்கும் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவுக்கு 2009இல் சுமார் 46 லட்சம் பேர் வந்தார்கள். 2010இல் அது 59 லட்சம். 2011இல் 76 லட்சத்துக்கும் மேல். நாள் ஒன்றுக்குச் சராசரியாக 21,000 பேர். இப்போது ஆலிவாண்டர்ஸ் என்னும் மந்திரக்கோல் கடையை எடுத்துக்கொள்வோம். புழுதி படிந்த அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கிய இருட்டறை அது. ஒரு தடவைக்கு 20 முதல் 25 பேரை உள்ளே விடுவார்கள். கடைக்காரர் அவர்களில் ஒருவரை, பெரும்பாலும் ஒரு குழந்தையை, அழைத்துக் கையில் ஒரு கோலைக் கொடுப்பார். தவறான கோல் என்றால் அறையில் ஏதாவது குளறுபடி நடக்கும். சரியான கோல் கைக்கு வந்ததும் ஒளி விழும். நல்ல நாடகம். ஒரு காட்சிக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்குப் பத்துக் காட்சிகள், அதிகபட்சம் 250 பேர். பத்து மணி நேரம் விடாமல் நடத்தினாலும் 2,500 பேர். அதாவது பூங்காவுக்கு வந்தவர்களில் எட்டுப் பேரில் ஒருவர்தான் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க முடியும். கோல் தேர்ந்தெடுத்த குழந்தையோ இருநூறு பேரில் ஒருவர். இந்தக் கணக்கில் யாருடைய நிர்வாகத் திறமையும் எதையும் மாற்றிவிடாது. அறை அவ்வளவுதான்.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வருகின்றன. ரசிகர்கள், உண்மைத்தன்மைதான் முக்கியம், நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பார்கள். நிர்வாகம் தெரிந்தவர்கள், ரசிகரின் ஆசைக்காக வருமானத்தை வாசலில் நிறுத்தக் கூடாது, கடையைப் பெரிதாகக் கட்டு என்பார்கள். இரு தரப்பும் அறையின் அளவைப் பற்றியே பேசுகின்றன. சிக்கல் அளவில் இல்லை என்பது என் வாதம். கதையை நம்பவைக்கும் மேடையாகவும், ஆயிரக்கணக்கானவருக்குச் சரக்கு விற்கும் கல்லாவாகவும் ஒரே அறை இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். அந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டால், சின்ன அறை சின்னதாகவே இருந்துவிட்டுப் போகலாம். நம் கோயில்களில் கர்ப்பக்கிருகத்தை இடித்து அகலப்படுத்து என்று எவரும் கேட்பதில்லை; பிரசாத ஸ்டாலைக் கொண்டுபோய் அதற்குள் வைப்பதுமில்லை.

பெரிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டிஸ்னியிடமே எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. 1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டின் மெயின் ஸ்ட்ரீட், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் காலத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு. மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டி, கட்டடங்கள் உயரமாகத் தெரியும்படி கண்ணை ஏமாற்றியிருந்தார்கள். கடைகளைப் பல நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். பெண்களுக்கான உள்ளாடைக் கடைகூட ஒன்று இருந்தது. ஆறேழு மாதத்தில் அது மூட்டை கட்டிக்கொண்டு போனதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. ஆனால் அதே தெருவில் அப்ஜான் மருந்து நிறுவனம் நடத்திய பழங்கால மருந்துக்கடையைச் சொல்லியே ஆக வேண்டும். அலமாரியில் அந்தக் காலத்து மருந்துப் புட்டிகள், கண்ணாடிச் சாடியில் உயிருள்ள அட்டைகள், வருகிறவர்களுக்குச் சின்னக் குப்பியில் இலவசமாக விட்டமின் மாத்திரைகள். மருந்து விற்பது அதன் வேலையே இல்லை. கடை என்பது அங்கே பார்க்கும் பொருளாக இருந்தது. 1970 வரை அது இருந்தது. பிற்காலத்தில் டிஸ்னி பூங்காக்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். வெளியே ஏழெட்டுக் கடைகளின் முகப்பு தனித்தனியாக நிற்கும். உள்ளே சுவர் எடுபட்டு ஒரே கூடமாக ஓடும். எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே சட்டையும் ஒரே கோப்பையும் தொங்கும். புளோரிடாவின் மேஜிக் கிங்டமில் எம்போரியம் என்னும் பெரிய கடையை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கியபோது, மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரிந்த ஒரு குறுக்குச் சந்தையே அது விழுங்கிவிட்டது. நெரிசலுக்கு இது விடை என்பதை மறுக்க முடியாது. அந்தக் கூடத்தின் நடுவில் நிற்கிறவருக்குத் தான் எந்தக் காலத்து எந்த ஊரில் நிற்கிறோம் என்று சொல்ல எதுவும் இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

புதிய இடத்தைத் தேடி முதல் இரண்டு வருடம் கூட்டம் அலைமோதும், பிறகு அடங்கிவிடும், அந்த இரண்டு வருடத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதே என்று ஒரு மறுப்பு உண்டு. பல பூங்காக்களில் அது பலித்திருக்கிறது. ஹாக்ஸ்மீடில் பலிக்கவில்லை. திறந்து நான்கு ஆண்டு கழித்து, 2014இல், ஜோங்கோஸ் என்னும் வேடிக்கைப் பொருள் கடையை மூடி அந்த இடத்தை ஹனிட்யூக்ஸ் மிட்டாய்க் கடையோடு சேர்த்துவிட்டார்கள். கதையில் வாசகர்கள் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருந்த ஒரு கடை, இன்னொரு கடைக்கு இடம் கொடுத்துக் காணாமல் போனது. அதே ஆண்டு ஜூலை 8 அன்று பக்கத்துப் பூங்காவில் திறந்த, கதையின் மந்திரவாதிகள் கடைத்தெருவான டயகன் ஆலியில் இந்தப் பாடத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கேயும் ஆலிவாண்டர்ஸ் உண்டு. அறையைப் பெரிதாக்கவில்லை, ஒரே மாதிரிச் சின்ன அறைகள் ஒன்றுக்கு மேல் கட்டி, ஒரே நேரத்தில் அவற்றில் காட்சி நடத்துகிறார்கள். உள்ளே நிற்கும் குழந்தைக்கு அடுத்த அறையில் இன்னொரு குழந்தை கோல் வாங்குவது தெரியாது. மேடையைப் பெருக்குவதற்கும் பெரிதாக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். வீஸ்லி சகோதரர்களின் வேடிக்கைப் பொருள் கடையை மட்டும் உயரமாக, இரைச்சலும் நிறமுமாகக் கட்டினார்கள். கதையிலேயே அது அப்படிப்பட்ட கடை. கதைக்குள்ளேயே பெரிய இடங்களும் சின்ன இடங்களும் இருக்கின்றன. கூட்டத்தைப் பெரிய இடத்துக்கு அனுப்பினால் எந்த ரசிகரும் பொய் என்று சொல்லப் போவதில்லை. 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் ஹாரி பாட்டர் பகுதிக்கு 1920களின் பாரிஸைத் தேர்ந்தெடுத்ததில் இந்த வசதியும் இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைக்கிராமமான ஹாக்ஸ்மீடுக்குக் கிடைக்காத அகலம் பாரிஸ் வீதிக்கு இயல்பாகக் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு சுவையானது. கடைத்தெரு என்றால் கூட்டம் இருக்கத்தானே செய்யும்? பள்ளி திறக்கும் முன்பு டயகன் ஆலியில் மாணவர் கூட்டம் நெரிவதாகத்தானே கதையிலும் வருகிறது? கூட்டமே உண்மைத்தன்மையின் பகுதி என்கிறது இந்த வாதம். பாதி சரி. டிஸ்னி 2019இல் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதியில் ஒரு சந்தை இருக்கிறது. அதை வடிவமைத்தவர்கள் இஸ்தான்புல், மராகேஷ் நகரங்களின் பழைய சந்தைகளைப் போய்ப் பார்த்து வந்தவர்கள். முன்புறம் திறந்த சின்னச் சின்ன ஸ்டால்கள், தலைக்கு மேல் துணிப் பந்தல். அங்கே தோளோடு தோள் உரசினால் இடத்துக்கு அழகுதான். ஆனால் சந்தையின் நெரிசல் நகரும் நெரிசல். கயிறு கட்டிய வரிசையும், எண்ணிக்கை பார்த்து ஆள் விடும் ஊழியரும், பின்னாலிருந்து தள்ளும் குழந்தை வண்டியும் எந்த மந்திரவாதியின் கிராமத்திலும் கிடையாது. அலமாரியில் இருப்பதைப் பார்க்கக் கூட முடியாதபடி நிற்கிறவர், 2010ஆம் ஆண்டின் ஒரு அமெரிக்கப் பூங்காவில்தான் நிற்கிறார்.

உடல் ஊனமுற்றவர்களின் பக்கமிருந்து வரும் கேள்வியை இப்படி எளிதாகக் கடந்துவிட முடியாது. சக்கர நாற்காலிக்கான பாதை குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கதைக்காகக் குறுக்கிய அறை யாரையோ வெளியே நிறுத்துகிறது என்றால், அந்தக் கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது? ஆனால் இந்த அறைகளை உண்மையில் குறுக்குவது எது என்று பார்க்க வேண்டும். சுவர்களைவிடச் சரக்குதான் அதிகம் குறுக்குகிறது. தரையில் நிற்கும் அடுக்குகளும், கூடைகளும், கல்லா மேசையும், பணம் கட்ட வளைந்து நிற்கும் வரிசையும் பாதித் தரையைத் தின்றுவிடுகின்றன. விற்பனையை வெளியே எடுத்துவிட்டால், அதே சின்ன அறையில் நாற்காலி திரும்பும் இடம் தானாகவே வந்துவிடும். வேலையைப் பிரிப்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணமே இதுதான்.

எங்கும் விற்றால் பொருளின் மதிப்பு போய்விடாதா என்று வணிகர்கள் கேட்பார்கள். ஆலிவாண்டர்ஸ் கோல் ஆலிவாண்டர்ஸில் வாங்கினால்தானே கோல்? ஹாக்ஸ்மீடில் தெருவோரத் தள்ளுவண்டியிலும் பிற கடைகளிலும் கோல் விற்றுத்தான் வருகிறார்கள்; அதனால் ஆலிவாண்டர்ஸ் வாசலில் வரிசை தேய்ந்துவிடவில்லை. ஒசாகாவிலுள்ள யுனிவர்சல் பூங்கா இன்னும் துணிந்து, நிண்டெண்டோ உலகம் 2021 மார்ச்சில் திறப்பதற்கு முன்பே, 2020இல், அதன் எல்லைக்கு வெளியே ஒரு மரியோ கடையைத் திறந்துவிட்டது. டோக்கியோ டிஸ்னியில், அன்று பூங்காவுக்குள் வந்தவர் நினைவுப்பொருட்களைத் தன் கைப்பேசியிலேயே அன்றிரவுக்குள் வாங்கி வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். இடத்துக்கே உரிய பொருள் என்ற சிறப்பும் காப்பாற்றப்படுகிறது, கடையிலும் இடம் மிஞ்சுகிறது. ஸ்டார் வார்ஸ் பகுதியில் வெடிகுண்டு வடிவில் விற்ற கோகோ கோலா புட்டியை, நிஜக் குண்டு போலத் தெரிந்ததால், அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறை முதலில் தடை செய்து, எதிர்ப்பு கிளம்பியதும் காலிப் புட்டிக்கு அனுமதி கொடுத்தது. பொருளே கதையைச் சொல்லத் தெரிந்திருந்தால், அதை எந்த மேசையில் விற்றார்கள் என்பது பெரிய விஷயமாக இருப்பதில்லை.

கடைசியாக, நான் உண்மையில் அஞ்சும் மறுப்பு பணம் பற்றியது. மேடையைத் தனியாகப் பிரித்தால், அடுத்த நாளே அதற்கு ஒரு டிக்கெட் போட்டுவிடுவார்கள். ஸ்டார் வார்ஸ் பகுதியில் அதுதான் நடந்தது. சாவி என்பவரின் பட்டறை என்ற பெயரில் ஓர் அறை; முன்பதிவு செய்த பதினான்கு பேர் அளவில் உள்ளே போய், இருபது நிமிடத்தில் தங்கள் ஒளிவாளைத் தாங்களே பூட்டி எடுத்து வரலாம். திறந்தபோது கட்டணம் ஒரு வாளுக்கு 199.99 டாலர். நாடகமாகப் பார்த்தால் நேர்த்தியானது, நெரிசலும் இல்லை. ஆனால் கூட்டத்தைக் குறைத்தது வடிவமைப்பா, விலையா? நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க முடிகிற பெற்றோரின் நிலையை இந்தத் திட்டம் கணக்கில் எடுக்கவில்லை. மேடைக்கு முறை வைக்க வேண்டும் என்றால் அதைக் காசில்லாமல் வைக்க முடியும். கூட்ட நாட்களில் ஹாக்ஸ்மீடுக்குள் வர நேரம் குறித்த இலவசச் சீட்டு கொடுத்தார்கள்; அதே ஏற்பாட்டை ஓர் அறைக்கும் செய்யலாம். ஆலிவாண்டர்ஸ் காட்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதைப் பாராட்ட வேண்டும். அதே நேரம், கோல் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்பட்ட குழந்தைக்கு அந்தக் கோல் இலவசம் இல்லை. ஒளி அணைந்ததும் கதவு நேராக விற்பனை அறைக்குள் திறக்கிறது. கோலைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது. அந்தக் கதவு தெருவைப் பார்த்துத் திறந்து, கல்லா நாற்பது அடி தள்ளி இருந்தால், அறை காலியாகும் வேகமும் கூடும், பெற்றோருக்கு யோசிக்க ஒரு நிமிடமும் கிடைக்கும்.