இரண்டு சீட்டு, ஓர் உடம்பு

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை 1934-ல் ஓட ஆரம்பித்தது. அந்த ஆலைத் தூசியையும், கல்குழித் தூசியையும், பஞ்சாலைகளின் பஞ்சுத் தூசியையும் மூச்சாக இழுத்த தலைமுறைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. கல்தூசி நெஞ்சில் படிந்தவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும். வயது ஏறினால் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் வேறு. காசநோய்க்கு ஓரிடத்தில் சீட்டு. சர்க்கரைக்கு வேறிடத்தில் சீட்டு. உடம்பு வலிக்கோ மருந்துக் கடையில் சீட்டே இல்லாமல் மாத்திரை. எல்லாம் போய்ச் சேருவது ஒரே வயிற்றில். இதை ஒருசேரப் பார்ப்பவர் யார்?

பார்க்கக்கூடியவர் நர்ஸ்தான்.

காசநோய்க்குத் தரும் ரிபாம்பிசின், வேறு பல மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கழித்துவிடும்படி செய்கிறது. கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையின் பலம் குறைகிறது, சர்க்கரை ஏறுகிறது. தொழிலாளியோ “மாத்திரையை ஒழுங்காகத் தின்னவில்லை” என்று திட்டு வாங்குகிறார்! இங்கே நர்ஸ் காசநோய் மருந்தை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். சர்க்கரையைச் சோதித்து, அன்றே டாக்டரிடம் சொல்லி, சீட்டிலும் எழுதிவைக்க வேண்டும். டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் கூட்டினால், காசநோய் மருந்து முடியும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது நின்ற சில வாரங்களில், கூட்டிய அளவே சர்க்கரையை அடியோடு இறக்கி ஆளை மயங்கி விழச் செய்யும்.

வலி ஊசி வேறு விஷயம். கொதிப்புக்கு எனலாப்ரில் தின்னும் விவசாயத் தொழிலாளி, வெயிலில் வியர்த்து வற்றி வந்து நிற்கிறார். சீட்டில் டைக்ளோபினாக் எழுதியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய சேர்க்கை இது. ஊசியை நிறுத்திவைத்து, டாக்டரைக் கேட்ட பிறகே மேலே செய்ய வேண்டும். தானாக மருந்தை மாற்றுவதும் தவறு. வாய்மூடிப் போட்டுவிடுவதும் தவறு.

ஆனால் கேட்கும் தைரியத்தை நர்சுக்கு யார் கொடுத்தார்கள்? பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்தக் கணக்கு ஓடும் வார்டைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம்! 2015-ல் தமிழக சர்க்கார் நர்சுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தது. நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட வேண்டி வந்தது. கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த ஒப்பந்த நர்சுகள் 2,000-க்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் கடைசியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நாளை வேலை உண்டா என்றே தெரியாதவர், டாக்டரின் கையெழுத்தை எப்படிக் கேள்வி கேட்பார்?

ஆகவே நர்சுகளின் நிரந்தரக் கோரிக்கை நோயாளியின் கோரிக்கையும்தான். சந்தேகம் எழுப்பிய நர்ஸ் மீது நடவடிக்கை கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட வேண்டும். மருந்தால் கெடுதி வந்தால் நர்சும், நோயாளியும்கூடப் புகார் எழுதலாம். 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத எண் 1800-180-3024. ஆலை வாசல் சங்கப் பலகைகளில் இதை எழுதிவையுங்கள்.

தோழர்களே, அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகையில் வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையையும், நாட்டு மருந்துப் பொடியையும் சேர்த்து, ஒரே பையில் எடுத்துப் போங்கள். நர்ஸ் கேட்டால் எதையும் மறைக்காதீர்கள்.