அப்பா வந்திருக்காங்க

இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில் பாலைத்திணை நடத்திக்கொண்டிருந்தேன். தலைவன் பொருள்தேடப் போகிறான், தலைவி வாடுகிறாள், தோழி தேற்றுகிறாள் என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போகையில் ஒரு மாணவி எழுந்தாள். "எங்கப்பா சரக்கு ரயில் ஓட்டுறாருங்க ஐயா. மாசத்துல பத்துத் தடவை போறாரு, பத்துத் தடவை வர்றாரு. வீட்ல யாரும் அழுவுறதில்ல. இது எந்தத் திணைங்க?" வகுப்பு சிரித்தது. அதற்குள் மணியும் அடித்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்டவை அனைத்தும், அதாவது 200 பாடல்கள், பாலை. நம் முன்னோர் பிரிவைப் பாடித் தீர்த்துவிட்டார்கள் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். ஆனால் அவர்கள் பாடிய பிரிவு ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. இன்ன பருவத்தில் திரும்புவேன் என்று ஒரு சொல் உண்டு. பட்டினப்பாலைத் தலைவனோ போகவே இல்லை. காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று நெஞ்சிடம் சொல்லி நின்றுவிடுகிறான். 301 அடிகளில் மிகச் சில அடிகளே இந்த மறுப்புக்கு. மற்றவை பட்டினத்துக்கும் சோழனுக்கும். போவதா வேண்டாமா என்று நெஞ்சோடு வழக்காடும் அளவுக்குப் பிரிவு அன்று பெரிய காரியமாக இருந்தது.

பத்துத் தடவை போகிறவனுக்கு நெஞ்சோடு பேச நேரமேது? வாசலில் யாரும் நின்று வழியனுப்புவதில்லை. பை எப்போதும் பாதி கட்டியபடியே மூலையில் கிடக்கிறது. அடிக்கடி நிகழ்வதாலேயே அந்தப் பிரிவுக்குக் கண்ணீர் இல்லாமற் போய்விடுகிறது. கண்ணீர் இல்லாததால் அது துயரமே இல்லை என்று வீடும் உலகமும், சில சமயம் போகிறவனும்கூட முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அம்மாணவியின் தந்தை பின்னொரு நாள் மகளின் சான்றிதழ் ஒன்றுக்காகக் கல்லூரிக்கு வந்திருந்தார். இரவுப் பணி முடித்து நேரே வந்ததாகச் சொன்னார். வெளியூர் ரன்னிங் ரூம் கட்டிலில் தனிமையாக இருக்காதா என்று கேட்டேன். (தமிழாசிரியனின் அசட்டுக் கேள்விதான்.) அவர் சிரித்தார். "அங்க எல்லாரும் நம்மாளுங்கதானுங்க. படுத்தா, தாண்டி வந்த சிக்னலச் சரியாப் பாத்தமான்னுதான் நெனப்பு வரும். வீட்லதான் கஷ்டம். பகல்ல நான் தூங்கினா எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க. நான் இல்லாத அன்னிக்குத்தான் சத்தமாச் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

முல்லைப்பாட்டின் அரசன் நினைவுக்கு வந்தான். பாசறையில் உறக்கமின்றி அவன் எண்ணுவது புண்பட்ட யானைகளையும் வீரர்களையும்தான். அதுவரை அவனும் இவரும் ஒன்று. ஆனால் அரசன் வீடு திரும்பியதும் பாட்டு முடிந்துவிடுகிறது. இவருடைய பாட்டு அங்கேதான் தொடங்குகிறது.

இதை நானும் சிறிது அறிவேன். மாறுதலில் வெளியூர்க் கல்லூரியில் சில ஆண்டுகள் இருந்தேன். சனிக்கிழமை விடியலில் வீடு, ஞாயிறு இரவு மீண்டும் பேருந்து. ஒருமுறை என் மகள் தொலைபேசியில் தோழியிடம் சொல்வது காதில் விழுந்தது: "இன்னிக்கு வர முடியாதுடி, அப்பா வந்திருக்காங்க." 'அப்பா இருக்காங்க' அல்ல, 'வந்திருக்காங்க'. அத்தை, சித்தப்பா, கல்யாணப் பத்திரிகை கொண்டுவருவோர் ஆகியோருக்கு உரிய வினை அது. இலக்கணப்படி அவள் சொன்னதில் பிழையே இல்லை. அன்று வீட்டில் ஒரு சொம்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் மனைவியைக் கேட்டேன். இடம் மாற்றி இரண்டு மாதம் ஆயிற்று என்றாள்.

நம் இல்லாமைக்கு ஏற்ப வீடு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது வீட்டின் குற்றமன்று. சரிசெய்துகொள்ளாவிட்டால் அங்கே அடுப்பு எரியாது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாமே என்பார்கள் நண்பர்கள். பேசுகிறோம். சாப்பிட்டாயா, படித்தாயா, மின்கட்டணம் கட்டியாயிற்றா. வருகைப் பதிவேடு எடுப்பதுபோல. சொம்பு இடம் மாறியதை யாரும் தொலைபேசியில் சொல்வதில்லை.

பெண்கள் நிலை வேறு. மகளிரோடு கடல் கடத்தல் வழக்கமில்லை என்றது தொல்காப்பியம். இன்று வங்கி அதிகாரியாகவும் தணிக்கையாளராகவும் பெண்கள் வாரந்தோறும் ஊர் ஊராகப் போகிறார்கள். அவள் திரும்பும்போது விருந்தாளி ஆவதில்லை. பாத்திரங்கள் அவளுக்காகக் காத்திருக்கின்றன. எது கொடிது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

தொல்காப்பியரை இங்கே வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கிறேன். கற்பியலில் அவர் பிரிவுக்குக் கால வரையறை வைக்கிறார். கல்விக்குப் பிரிந்தால் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. வேந்தன் பணிக்குப் பிரிந்தால் ஓராண்டுக்குள். இதை ஏதோ மரபு விதி என்று மாணவர்களிடம் சொல்லிக் கடந்திருக்கிறேன். ரயில் ஓட்டுநர்கள் தொடர்ந்து எழுப்பிவரும் கோரிக்கைகளில் ஒன்று, புறப்பட்ட 36 மணி நேரத்துக்குள் தங்களைத் தலைமையிடத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது. தொடர்ச்சியாக இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது என்பது இன்னொன்று. நாளிதழ்கள் இவற்றைத் தொழிற்சங்கச் செய்திகளின் மூலையில் போடுகின்றன. எனக்கோ அவை பொருளதிகாரத்தில் இருக்க வேண்டியவையாகத் தோன்றுகின்றன. எத்தனை நாள் விலகியிருந்தால் ஒரு மனிதன் தன் வீட்டுக்கு அயலான் ஆவான் என்று கணக்கிட்டவர் கேட்கும் எண் அது.

அடுத்த வாரம் கற்பியல் நடத்த வேண்டும். அந்த நூற்பா வரும்போது அம்மாணவியை எழுப்பி, அவள் தந்தையின் 36 மணி நேரத்தைப் பற்றி வகுப்புக்குச் சொல்லச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.