அறுபது மைக்ரோவாட் போதும்

“ரேடியோ அலையில் கிடைப்பது மைக்ரோவாட் கணக்கு, அதை வைத்து என்ன செய்ய?” என்கிறார்கள். வெப்பநிலையை அளக்கலாம். 2009-இல் சியாட்டில் நகரில் இன்டெல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். 4.1 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பினார்கள். கிடைத்தது 60 மைக்ரோவாட். பேட்டரியில் ஓடும் சாதாரண வெப்பமானி, திரையோடு சேர்த்து, அதிலேயே ஓடியது!

மறுப்பவர்கள் மின்தேக்கியை மறந்துவிடுகிறார்கள். உணரி அதில் மின்சாரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, அவ்வப்போது விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கினால் போதாதா? அறையின் சூடு நொடிக்கு நொடி மாறுவதில்லையே.

உலோகப் பெட்டிக்குள் வெளி அலை நுழையாது, மெய்தான். அதனால்தான் மின்பகிர்மானப் பெட்டிகளில் உள்ளேயே ஆன்டெனா வைத்து உணரிக்கு அலை ஊட்டுகிறார்கள். பேட்டரி வைத்தால் என்ன என்றால், உயர் மின்னழுத்தம் உள்ள பட்டையில் ஒட்டிய உணரிக்கு அதை மாற்ற, முதலில் மின்சாரத்தையே நிறுத்தியாக வேண்டும்.